வேலை நாட்களில் மட்டும் ஏறும் ஈரம்

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாம்பை எடை போட்டு, அந்த எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டும். ஹெட்விகா போட்ட நிபந்தனைகளில் இது முதலாவது. இரண்டாவது, ஆறு வாரத்துக்குள் அது ஒரு முறையாவது சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்றாவது, எடை ஆயிரத்து ஐந்நூறு கிராமுக்கு இறங்கும்போல் தெரிந்தால் ஆறு வாரமெல்லாம் காத்திருக்க மாட்டார். வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்றையும் கட்டம் போட்ட தாளில் எழுதி, சந்தையின் நடுவில் வைத்தே ஹினெக்கிடம் கையெழுத்து வாங்கினார்.

ஹெட்விகா முப்பது வருடம் செக் நாட்டின் பிர்னோ நகரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் வீட்டில் பதினான்கு ராஜ மலைப்பாம்புகள் இருந்தன. சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்ததும் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, கடைசியாக மிஞ்சிய பரோன்காவை ஒரு துணிப்பையில் போட்டு, செப்டம்பர் மாத ஊர்வனச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தார். பதினான்கு வயதுப் பெண் பாம்பு. சுருண்டு படுத்தால் ஒரு கால்பந்து அளவு இருக்கும்.

"ஓலொமோவுட்ஸ் ஊருல ஒருத்தர் இதுக்காக காத்துக்கிட்டிருக்காரு. தெரிஞ்சுக்கங்க" என்றார் ஹெட்விகா. "உங்க வீட்டுல ஒத்து வரலன்னா அங்க போயிடும்."

ஹினெக்குக்கு ஐம்பத்தொரு வயது. லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பன்னிரண்டு வயதில் பாம்பு வேண்டும் என்று கேட்டபோது அம்மா மறுத்தாள். பிறகு பட்டாளம், பிறகு ஒரு திருமணம், அது முறிந்து பிளாங்காவுடன் இன்னொன்று. பிளாங்கா இருபத்திரண்டு வருடம் யோசித்துவிட்டு இந்தக் கோடையில்தான் சம்மதித்தாள். அவள் வியன்னாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். திங்கள் விடிகாலை போனால் வெள்ளி மாலைதான் வருவாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் விரலைக் காட்டி. "அது திரும்பிப் போச்சுன்னா அதோட சரி. ரெண்டாவது பாம்புன்னு பேச்சே எடுக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒண்ணு மாத்தி மாத்திக் கொண்டாந்து வச்சு வேடிக்கை பாக்கறதுக்கு என்னால ஆகாது."

ஆகவே ஹினெக் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. ஜூலையிலேயே பெட்டி கட்ட ஆரம்பித்தான். ஒன்றேகால் மீட்டர் நீளம், அரை மீட்டருக்கு மேல் ஆழம். பக்கங்களும் பின்புறமும் பலகை. முன்னால் தள்ளித் திறக்கும் இரண்டு கண்ணாடிகள், அவற்றுக்கு ஒரு பூட்டு. மேலே கம்பி வலை. வலைக்குக் கீழே ஒரு மூலையில் வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு. பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகாமல் இருக்க அதற்கொரு கம்பிக்கூடு. பல்பை அணைத்து ஏற்ற ஒரு தெர்மோஸ்டாட். சூடான மூலையில் முப்பத்திரண்டு டிகிரி, எதிர் மூலையில் இருபத்தாறு. இரண்டு மூலையிலும் பாம்பு நெருக்கிக்கொண்டு நுழையும்படி ஒவ்வொரு பதுங்கிடம். எந்தச் சூட்டில் இருக்க விரும்பினாலும் ஒளிய இடம் வேண்டும். சூடா பாதுகாப்பா என்று பாம்பைத் தேர்ந்தெடுக்க வைத்தால் அது பட்டினி கிடந்தே சாகும் என்று அவன் படித்திருந்தான். தரையில் பீச் மரச்சீவல். முழு உடம்பும் முங்கும் அளவுக்குப் பெரிய, கனமான தண்ணீர்ச் சட்டி.

பெட்டியைக் கூடத்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் வைத்தான். அதன் மேல்பாகம் ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. பாம்பு இல்லாமலே மூன்று வாரம் ஓடவிட்டு, சூட்டையும் ஈரப்பதத்தையும் நாளுக்கு நான்கு தடவை குறித்தான். ஊசி அசையவில்லை. ஈரப்பதம் அறுபதிலேயே நின்றது.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். பிளாங்காவின் அப்பா அலோயிஸ், எழுபத்தாறு வயது. மனைவி இறந்த பிறகு பின்னறையில் வந்து தங்கியவர். பாம்பு வருவதைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. பரோன்கா வந்த அன்று கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் பார்த்தார்.

"இது எப்ப ஏதாவது செய்யும்?"

"எதுவும் செய்யாது மாமா. இப்படியேதான் இருக்கும்."

"அப்ப உனக்குப் பொருத்தம்தான்" என்று எழுந்து போனார். கதவருகே திரும்பி, "மேல இவ்வளவு சூடா வருதே, அது வீணாத்தான போகுது?" என்றார்.

"கொஞ்சம் போகும்."

"நாப்பதுக்கு ஏத்த முடியாதா?"

"பாம்பு செத்துடும் மாமா."

"ஓ" என்றார் அலோயிஸ்.

முதல் வாரம் புதுப் பாம்பைத் தொடவோ, உணவு காட்டவோ கூடாது. எட்டாம் நாள் முதல் உணவு. பிரிட்ஜின் உறைபெட்டியில், மேலே பிளாங்கா சிவப்பு மையில் 'தொடாதே' என்று எழுதிய பிஸ்கட் தகர டப்பாவுக்குள், உறைந்த எலிகள் இருந்தன. முந்தின நாள் ஒன்றை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து உறைவு இளக விட்டான். மாலை ஆறு மணிக்கு அதைப் பையில் கட்டி வெந்நீரில் போட்டு, துடைத்து, தலைப் பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, நீள இடுக்கியில் பிடித்துப் பதுங்கிடத்தின் வாய்க்கு முன்னால் அசைத்தான். ராஜ மலைப்பாம்பு கண்ணைவிடச் சூட்டைத்தான் நம்பும். மேலுதட்டில் இருக்கும் குழிகள் எலியின் வெப்பத்தைக் கண்டுபிடிக்கும்.

பரோன்காவின் நாக்கு இரண்டு தடவை வெளியே வந்தது. தலை பின்னால் போயிற்று. இருபது நிமிடம் கை வலிக்கப் பிடித்திருந்துவிட்டு எலியைக் குப்பையில் போட்டான்.

புது இடம், பழகவில்லை என்று நினைத்தான். அடுத்த வாரம் மறுபடி முயன்றான். இந்தத் தடவை நாக்குகூட வரவில்லை. பாம்பு சூடான மூலையை விட்டுவிட்டுக் குளிர்ந்த மூலையின் பதுங்கிடத்தில் ஒரு கயிற்றுப் பந்தாக இறுகிக் கிடந்தது. திங்கட்கிழமை எடை 1,600. அதற்கடுத்த திங்கள் 1,570.

"சூடு சரியா இருக்கா?" என்று ஹெட்விகா பதில் அனுப்பினார்.

சரியாக இருந்தது. வேலை முடிந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அவன் பெட்டியைத்தான் பார்ப்பான். முப்பத்திரண்டு, இருபத்தாறு. ஈரப்பதம் மட்டும் எழுபதைத் தாண்டி நின்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அறுபதுக்கு இறங்கிவிடும். தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தான். சந்தேகத்துக்கு, அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி ஒன்றை வாங்கி உள்ளே மாட்டினான்.

ஒரு வாரம் கழித்து அதைக் கணினியில் போட்டுப் பார்த்தவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலை எட்டு மணிக்கு ஈரப்பதம் ஏற ஆரம்பிக்கிறது. பத்தரைக்குத் தொண்ணூற்றொன்று. மூன்று மணிவரை அங்கேயே நிற்கிறது. பிறகு மளமளவென்று இறங்குகிறது. திங்கள் அப்படி, செவ்வாய் அப்படி, புதன், வியாழன் அப்படி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரு கோடு போட்டதுபோல அறுபது.

பாம்புக்கு இன்று என்ன கிழமை என்று எப்படித் தெரியும்?

முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டான். கழற்றி, வேலையிடத்தில் சோதித்தான், குறையே இல்லை. கட்டடத்தின் வெந்நீர்க் குழாயைச் சந்தேகப்பட்டு, பராமரிப்பு ஆளை அழைத்து, வேலை நாட்களில் மட்டும் அழுத்தம் மாற்றுகிறார்களா என்று கேட்டான். அந்த ஆள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மேல் வீட்டுக்காரி திங்கள் முதல் வியாழன் வரை துணி துவைக்கிறாளா என்று போய்க் கேட்டான். அவளுக்கு எதற்கென்று புரியவில்லை. தன்னைப் பற்றி யார் புகார் சொன்னார்கள் என்று அவள் கேட்க ஆரம்பித்ததும் படி இறங்கிவிட்டான்.

"மாமா, பகல்ல இந்தக் கூடத்துல ஏதாவது நடக்குதா?"

"என்ன நடக்கும்? நான் நடப்பேன்."

"ஜன்னல் தெறப்பீங்களா?"

"தெறப்பேன். காத்து வேணாமா? காத்து நல்லதுதான?" என்றார் அலோயிஸ். "அது தின்னுச்சா?"

"இல்ல."

"எனக்கே இந்த வீட்டுல வாரத்துக்கு நாலு நாள் டப்பா சூப்புதான் கெடைக்குது. நான் புகாரா பண்றேன்?"

மூன்றாவது எலியும் குப்பைக்குப் போன வாரம்தான் புழுக்கள் வந்தன. மரச்சீவலில் ஏழெட்டு. அரிசியைவிடச் சின்னவை, வெள்ளை, கறுத்த தலை. பாம்பின் உடம்பிலிருந்து வருகின்றன என்றே ஹினெக் எண்ணினான். ஒரு மருந்துக் குப்பியில் நான்கைப் பிடித்துப் போட்டு, பாதி நாள் விடுப்பெடுத்து, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனான். பாம்பையும் துணிப்பையில் கொண்டு போனான்.

மருத்துவர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார்.

"இது பாம்போட ஒட்டுண்ணி இல்ல. ஏதோ கொசு மாதிரி சின்ன ஈயோட புழு. உள்ள ஏதாவது அழுகிட்டு இருக்கா?"

"இல்ல டாக்டர். எலிய அன்னிக்கே எடுத்துடறேன்."

"செடி வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப இது அங்க இருக்கக் காரணமே இல்லியே" என்றார் மருத்துவர், ஹினெக் பொய் சொல்வதுபோல. பாம்பை வாயிலிருந்து வால்வரை பார்த்துவிட்டு, மூச்சில் லேசாக ஈரச் சத்தம் கேட்பதாகவும், இப்படியே போனால் நுரையீரலைப் பிடிக்கும் என்றும் சொன்னார். "காய்ஞ்ச எடமா வைங்க. தரையில இருக்கறதை எல்லாம் கொட்டிட்டுப் பழைய செய்தித்தாள் போடுங்க."

செய்தித்தாள் போட்டான். அடுத்த புதன்கிழமை அதன் விளையாட்டுப் பக்கத்தில் மூன்று புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புத் துண்டு, தோல் மாதிரி வளைந்து கிடந்தது. பாம்புச் சட்டையின் கிழிசல் என்று நினைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். செதில் ஒன்றும் தெரியவில்லை. அதையும் ஒரு குப்பியில் போட்டு வைத்தான்.

இதற்குள் அவனுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெட்டி பெரிது என்றான் ஒருவன். சிறிது என்றான் இன்னொருவன். பாம்பை நீ அதிகம் பார்க்கிறாய் என்றாள் ஒருத்தி. அவன் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தான். பெட்டியை அட்டையால் பாதி மறைத்தான். எலியை மாற்றி, சுண்டெலி காட்டினான். பெட்டி மேசையின் கால்களுக்கு ரப்பர் வைத்தான். திங்கட்கிழமை எடை 1,540. அதற்கடுத்த திங்கள், அக்டோபர் தொடக்கத்தில், 1,510.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹெட்விகா கூப்பிட்டபோது அவன் ஒரு லிஃப்ட் குழியில் நின்றிருந்தான்.

"நான் உங்க பேட்டைக்கு வந்துட்டேன். பரோன்காவ எடுத்துக்கறேன்."

"இன்னும் பத்து கிராம் இருக்கும்மா. ஆறு வாரமும் ஆகல."

"அடுத்த திங்கக்கெழம அந்தப் பத்தும் இருக்காது. உங்களக் குத்தம் சொல்லல. சில வீடு ஒத்துக்காது, அவ்வளவுதான். வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"மாமனாரு இருப்பாரு. நீங்க கீழயே நில்லுங்க, நான் வந்துடறேன்."

உடன் வேலை செய்பவனிடம் சொல்லிவிட்டு ஓடினான். கட்டட வாசலில் ஹெட்விகா துணிப்பையோடு நின்றிருந்தார். ஆறாவது மாடியில் ஹினெக் சாவி போட்டுக் கதவைத் திறந்தான்.

கூடத்தில் அலோயிஸ் பிளாங்காவின் சமையல் மேலங்கியைக் கட்டிக்கொண்டு, பரோன்காவின் பெட்டி மேல் குனிந்து நின்றிருந்தார். கம்பி வலை முழுவதையும் மூடி மெல்லிய துணி விரித்திருந்தது. துணிமேல், ஒரு அங்குலம்கூட இடம் விடாமல், துண்டு துண்டாக நறுக்கிய காளான். இருநூறு துண்டாவது இருக்கும். அவர் ஒரு முள்கரண்டியால் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். திருப்பும்போதெல்லாம் முள் வலையில் பட்டு 'டிங்' என்றது.

அலோயிஸ் இன்னும் இரண்டு துண்டைத் திருப்பினார். கை தானாகச் செய்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் காயவைத்த காளானிலிருந்து புழு கிளம்பித் திரைச்சீலை முழுக்க ஏறியபோது, பிளாங்கா மின்சாரக் காளான் உலர்த்தியைத் தூக்கி ஒன்றுவிட்ட தங்கைக்குக் கொடுத்துவிட்டு, இந்த வீட்டுக்குள் இனி ஒரு காளானும் காயக்கூடாது என்று சொல்லியிருந்தாள். வெள்ளி மாலை அவள் வந்துவிடுவாள், ஆகவே கிழவருக்குத் தோதான நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை. ஹினெக் வேலைக்குப் போயிருக்கும் நேரம் எட்டு முதல் மூன்று வரை. காய்ந்ததைக் கிழவர் துணிப்பைகளில் கட்டிக் குளிர்கால மேலங்கிகளுக்குப் பின்னால் மாட்டிவிடுவார். துணியைச் சுருட்டும்போது உதிர்ந்த துண்டும் புழுவும் வலை வழியாகப் பெட்டிக்குள் விழுந்திருந்தன. வாசம்? செப்டம்பரில் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு, லிஃப்ட், தபால் பெட்டி எல்லாமே காய்ந்த காளான் வாசம்தான். ஹினெக்கின் மூக்கு அதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நாடு முழுவதும் காளான் காயும் மாதத்தில் தன் வீட்டில் மட்டும் ஏன் காயவில்லை என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"தொண்ணூத்தொண்ணு" என்றான் ஹினெக்.

"என்ன தொண்ணூத்தொண்ணு?" என்றார் அலோயிஸ்.

"மாமா, அது காட்டுல பருந்துக்குப் பயந்த பாம்பு. தலைக்கு மேல ஏதாவது அசைஞ்சா அதுக்கு உசிரே போயிடும். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை திருப்பினீங்க?"

"மணிக்கு ஒரு தடவை. திருப்பலன்னா ஒட்டிக்கும்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு மாசமா நான் பைத்தியம் மாதிரி குழாய்க்காரனெல்லாம் கூப்பிட்டு..."

"சொன்னா நீ அவகிட்ட சொல்லுவ. அவ என்னைக் கொண்டுபோய் எங்கயாவது சேத்துடுவா." கிழவர் மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். "பாம்புக்கு இது ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? காட்டுல காளானும் இருக்குது, பாம்பும் இருக்குது."

ஹெட்விகா இருவரையும் கண்டுகொள்ளாமல் துணியை நான்கு மூலையிலும் பிடித்துத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கண்ணாடியைத் தள்ளி, பரோன்காவைக் கையில் எடுத்தார். வாய்க்கருகே காதை வைத்துக் கேட்டார். சமையலறைத் தராசில் வைத்தார். 1,508. பாம்பைத் துணிப்பைக்குள் விட்டு வாயை முடிந்தார். ஹினெக் பார்த்துக்கொண்டே நின்றான். ஏன் சாப்பிடவில்லை என்று தெரிந்துவிட்ட அதே நிமிடத்தில் அது போகிறது என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

"காரணம் தெரிஞ்சு போச்சும்மா. இனிமே சரியாயிடும்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் ஹெட்விகா. நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த காளான் துண்டு ஒன்றை எடுத்து மோந்தார். பிறகு இன்னொன்று. கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தண்டின் குறுக்கு வெட்டைப் பார்த்தார். "இது பைன் மரத்தடியில வர்ற ஹ்ரிப் காளான். இந்த வருஷம் எங்க பக்கம் ஒண்ணுகூடக் கெடைக்கல. எங்க எடுத்தீங்க?"

"காட்டுல" என்றார் அலோயிஸ்.

"எந்தக் காடு?"

"மரம் இருக்கற காடு."

"பஸ்ஸுலயா போனீங்க?"

"காலு இருக்கு."

"எழுபத்தஞ்சு வயசுல இவ்வளவு தூக்கிட்டு நடந்தீங்களா?"

"எழுபத்தாறு."

ஹெட்விகா துண்டைக் கீழே வைத்தார். "ஒரு பேச்சு. எடத்தைச் சொல்லுங்க. பாம்பை இன்னும் பத்து நாள் விட்டுட்டுப் போறேன்."

ஹினெக் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

அந்த இடத்தை அலோயிஸ் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கேட்டபோதும் பேச்சை மாற்றியவர். பிளாங்கா சின்னவளாக இருந்தபோது கூடவே கூட்டிப்போய், கடைசி அரை மணி நேரம் அவளைச் சாலையோரத்தில் உட்கார வைத்துவிட்டுத் தனியே உள்ளே போனவர். இதெல்லாம் ஹினெக்குக்குத் தெரியும். அதனால் கேட்கவே அவனுக்கு வாய் வரவில்லை. துணிப்பை ஹெட்விகாவின் மடியில் லேசாக அசைந்தது.

கிழவர் பையையும் பார்த்தார், மருமகனையும் பார்த்தார்.

"நீ பால்கனிக்குப் போ" என்றார் ஹினெக்கிடம்.

"மாமா..."

"போடான்னா போயேன். கதவச் சாத்திக்க."

பால்கனியில் குளிர்ந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது இருவரும் மேசைமேல் குனிந்திருந்தார்கள். மின்கட்டண உறை ஒன்றின் பின்புறத்தில் அலோயிஸ் கோடு போட்டார். ஹெட்விகா விரலை வைத்து ஏதோ கேட்டார். அலோயிஸ் தலையை ஆட்டி இன்னொரு கோடு போட்டார். எழுந்தபோது ஹெட்விகா உறையை மடித்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பையின் முடிச்சை அவிழ்த்து, பரோன்காவைப் பெட்டிக்குள் விட்டார்.

ஹெட்விகா போய்விட்டார். மாமனாருக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று ஹினெக் யோசித்தான். ஒரு மாதமாகப் பாம்பைப் பட்டினி போட்டவரும் இவர்தான், இன்று காப்பாற்றியவரும் இவர்தான். கடைசியில், "டீ போடவா?" என்றான்.

"போடு" என்றார் அலோயிஸ். "அவகிட்ட சொல்லுவியா?"

"பைகளை எடுத்துட்டுப் போய் வேற எங்கயாவது வைங்க. நான் எதையும் பாக்கல."

வெள்ளிக்கிழமை பிளாங்கா வந்தாள். பாம்பைப் பார்த்துவிட்டு, "இன்னும் பட்டினிதானா? அழகுப் போட்டிக்கா போகுது?" என்றாள். அப்பா ஏன் கூடத்துக்கே வராமல் நடையைச் சுற்றிக்கொண்டு காலுறையோடு மெதுவாக நடக்கிறார் என்று கேட்டாள். முட்டி வலி என்றார் அவர்.

ஞாயிறு மதியம் ஹெட்விகா கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"உங்க மாமனாரு என்னை நல்லா ஏமாத்திட்டாரு. மூணு மணி நேரமா நடக்கறேன். முள்ளுச்செடியும் தொட்டாச் சொறியற செடியும்தான் இருக்கு. ஒரு காளான் இல்ல. பத்து நாளெல்லாம் கெடையாது, புதன்கெழம வர்றேன். அதுவரைக்கும் அவ தின்னா உங்களோடது. இல்லன்னா பைய ரெடியா வைங்க."

ஹினெக் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டான். "மாமா, உண்மையச் சொல்லுங்க. அந்த எடம் உண்மைதானா?"

"உண்மை."

"அங்க ஒண்ணுமே இல்லையாம்."

"ராத்திரி பனி பெஞ்சிருக்கும். இல்ல, வேற எவனாவது முந்தியிருப்பான். இல்ல, அந்த அம்மா ஓடைக்கு இந்தப் பக்கம் தேடியிருக்கும்." கிழவர் அவன் கண்ணை நேராகப் பார்த்தார். "நான் ஏன் பொய் சொல்லணும்?"

பொய் சொல்ல அவருக்கு நாற்பது வருடக் காரணம் இருந்தது. உண்மை சொல்லவும் அந்தப் பெட்டிக்குள் ஒரு காரணம் இருந்தது. ஹினெக் அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

செவ்வாய் மாலை ஆறு மணி. ஈரப்பதம் ஒரு வாரமாக அறுபதைத் தாண்டவில்லை. பரோன்கா சூடான மூலைக்குத் திரும்பியிருந்தது; அது நல்லதா கெட்டதா என்றுகூட அவன் யோசிப்பதை விட்டிருந்தான். எலியைச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினான். நாக்கு வந்தது. மறுபடி வந்தது. தலை ஒரு அங்குலம் முன்னால் வந்து, அப்படியே நின்றது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். அவன் கை நடுங்க ஆரம்பித்ததும் தலை உள்ளே போய்விட்டது.

இடுக்கியைத் தளர்த்தி எலியைப் பதுங்கிடத்தின் வாசலில் விட்டான். கண்ணாடியைச் சாத்தி, பெட்டிமேல் ஒரு கம்பளியைப் போர்த்தி, கூடத்து விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தான். எதிரே அலோயிஸ். இருவரும் ஆளுக்கு ஒரு பீர் குடித்தார்கள். தொலைக்காட்சி போடவில்லை.

எட்டு மணிக்குப் போய்க் கம்பளியைத் தூக்கினான். எலி இல்லை.

முதலில் பாம்பு அதை எங்காவது தள்ளியிருக்கும் என்று நினைத்தான். டார்ச் அடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குப் பின்னால் தேடினான், செய்தித்தாளைத் தூக்கித் தேடினான். பிறகுதான் பரோன்காவின் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, மிதமான ஒரு வீக்கம் தெரிந்தது. அது மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"மாமா" என்று கூப்பிட்டான்.

கிழவர் காலுறையோடு வந்து, இரண்டடி தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார். "அப்ப என் காளானாலதான் அது இத்தனை நாள் சாப்பிடலையா?"

"அப்படித்தான் இருக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "செய்தித்தாளும் மாத்தினேன். ரப்பர் வச்சேன். இன்னிக்குக் கையில பிடிக்காம கீழ விட்டேன். கம்பளி வேற போத்தினேன். எதுன்னு எனக்குத் தெரியல."

புதன்கிழமை ஹெட்விகா துணிப்பையோடுதான் வந்தார். வீக்கத்தைப் பார்த்தார். செரிக்கும்வரை இரண்டு நாள் தொடக்கூடாது என்பதால் எடை போடவில்லை. கையைக் கண்ணாடிவரை கொண்டுபோய், பின்னால் எடுத்துக்கொண்டார்.

"என்கிட்ட இருந்தப்ப இவ ஒரு தடவை அஞ்சு மாசம் பட்டினி கெடந்தா" என்றார். "காரணமே இல்லாம. அப்புறம் ஒரு நாள் தானா தின்னா."

ஹினெக் திகைத்தான். "அஞ்சு மாசமா? அப்ப எதுக்கும்மா ஆறு வாரம்னு எழுதி வாங்கினீங்க?"

"திருப்பி வாங்கறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல" என்றார் ஹெட்விகா, பாம்பைப் பார்த்தபடியே. "பதினாலு வருஷம்."

"ஓலொமோவுட்ஸ்காரரு?"

ஹெட்விகா கைப்பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்தார். அவன் கையெழுத்து அதில் தெரிந்தது. கிழிக்கப்போகிறார் என்று ஹினெக் நினைத்தான். அவர் அதை இன்னும் சின்னதாக மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"இங்கயே இருக்கட்டும். அடுத்த எலி என்னிக்கு?"

"ரெண்டு வாரம் கழிச்சு. செவ்வாய்க்கெழம, ஆறு மணிக்கு."

"நான் வருவேன்" என்றார். அது வேண்டுகோளா, மிரட்டலா என்று அவனுக்குப் புரியவில்லை. லிஃப்ட் வரும்வரை இருவரும் நடையில் நின்றார்கள். ஏறுவதற்கு முன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பெரியவர் உண்மை பேசற ஆளா?"

"இருபத்திரண்டு வருஷமாப் பழக்கம்" என்றான் ஹினெக். "தெரியாதும்மா."

லிஃப்ட் மூடிக்கொண்டது. அவன் திரும்பி வந்தபோது அலோயிஸ் பெட்டிக்கு முன்னால், நாற்காலியில், கையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீக்கம் இன்னும் ஒரு விரற்கடை கீழே போயிருந்தது.

"அந்த அம்மா போயிடுச்சா?" என்றார் மூச்சுவிடும் சத்தத்தில். "கதவ மெல்லச் சாத்து."